பிணை ரத்து: குற்றம் கொடியது என்பது மட்டும் போதுமா?

கேள்வி, 2025 செப்டம்பர் 5

என் அண்ணன் கொலை செய்யப்பட்ட வழக்கில் முதல் எதிரிக்கு, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, மாவட்ட அமர்வு நீதிமன்றம் பிணை வழங்கிவிட்டது. அவர் கைதாகி நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. கொலைக் குற்றம் என்பதே பிணையை ரத்து செய்யப் போதுமான காரணம் என்று நான் கருதுகிறேன். அவர் வெளியே வந்த பிறகு, நேரில் பார்த்த சாட்சி ஒருவருடைய கடைக்கு ஆள் அனுப்பி, "நீதிமன்றத்தில் யோசித்துப் பேசு" என்று சொல்லியிருக்கிறார்கள். காவல் ஆய்வாளரிடம் கேட்டால், ரத்து மனுவைக் காவல்துறைதான் போட முடியும், குடும்பத்தினர் போட முடியாது என்கிறார். இது சரியா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

2025 செப்டம்பர் 5, இரவு

சரியல்ல. நீங்களே மனுத் தாக்கல் செய்யலாம்; அதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். முதலில் உங்கள் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன், ஏனெனில் அந்த வாக்கியத்தை அப்படியே மனுவில் எழுதினால் மனு தள்ளுபடியாகும்.

பிணை மறுப்பதும் கொடுத்த பிணையை ரத்து செய்வதும் ஒன்றல்ல. பிணை கேட்டு ஒருவர் வரும்போது குற்றத்தின் தன்மை, தண்டனையின் அளவு, தப்பி ஓடும் வாய்ப்பு, சாட்சிகளைக் கலைக்கும் வாய்ப்பு ஆகியவற்றை நீதிமன்றம் எடைபோடுகிறது. அவை எல்லாம் நடக்கக்கூடியவை பற்றிய கணிப்புகள். பிணை கிடைத்துவிட்ட பிறகு அவருடைய சுதந்திரம் ஒரு நீதிமன்ற உத்தரவின் மேல் நிற்கிறது. அதைப் பறிக்கக் கணிப்பு போதாது. நடந்த ஒன்றைக் காட்ட வேண்டும், அல்லது அந்த உத்தரவே சட்டப்படி நிற்காது என்று காட்ட வேண்டும். 1978ஆம் ஆண்டு சஞ்சய் காந்தி வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் இந்த வேறுபாட்டைத்தான் அழுத்திச் சொன்னார். 1994இல் முடிவான தோலத் ராம் வழக்கில், ஏற்கெனவே வழங்கிய பிணையை ரத்து செய்ய மிகவும் வலுவான, மறுக்க முடியாத சூழ்நிலைகள் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. இன்றுவரை ஏறக்குறைய எல்லா ரத்து மனுக்களிலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் தீர்ப்பு அதுதான்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கொலை வழக்கு என்பது பிணை வழங்கிய நீதிபதிக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்த ஒன்றை மறுபடியும் சொல்வது ரத்துக்கான காரணமாகாது.

2025 செப்டம்பர் 6

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். இந்தப் பொருளில் பெரும்பாலான குழப்பம் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது: ரத்து என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பிணை உத்தரவு பிறந்தபோதே தவறாகப் பிறந்தது என்பது. நீதிபதி பார்க்க வேண்டிய முக்கியமான ஆவணத்தைப் பார்க்கவில்லை, எதிரியின் முந்தைய வழக்குகளைக் கணக்கில் எடுக்கவில்லை, காரணமே சொல்லாமல் பிணை கொடுத்துவிட்டார், தொடர்பில்லாத காரணத்தைச் சொன்னார் என்பவை இதில் அடங்கும். இதற்கு எதிரி வெளியே வந்து எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. 2001இல் பூரன் எதிர் ராம்பிலாஸ் வழக்கில் இந்த வழி தனியாக இனங்காணப்பட்டது. 2019 டிசம்பரில் மகிபால் எதிர் ராஜேஷ்குமார் வழக்கில் இன்னும் தெளிவாக விளக்கப்பட்டது. 2014இல் நீரு யாதவ் வழக்கில், உடன் எதிரிக்குப் பிணை கிடைத்தது என்பதை மட்டும் வைத்து, இவருடைய குற்றப் பின்னணியைப் பார்க்காமல் உயர்நீதிமன்றம் கொடுத்த பிணையை உச்சநீதிமன்றம் நீக்கியது.

இரண்டாவது வழி, உத்தரவு சரியாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதைப் பெற்றவர் பிறகு நடந்துகொண்ட விதம் அதை இழக்கச் செய்துவிட்டது என்பது. சாட்சியை மிரட்டுவது, சாட்சியத்தை அழிப்பது, விசாரணைக்குக் குறுக்கே நிற்பது, தலைமறைவாவது, அதே வகையான குற்றத்தில் மறுபடி இறங்குவது, நிபந்தனைகளை மீறுவது ஆகியவை இதில் வரும். 1986இல் ரகுபீர் சிங் வழக்கிலும் பின்னர் தோலத் ராம் வழக்கிலும் சொல்லப்பட்ட காரணங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை முழுமையான பட்டியல் அல்ல என்பதையும் அதே தீர்ப்புகளில் காணலாம்.

இந்த இரண்டு வழிகளுக்கும் காட்ட வேண்டிய ஆதாரமும் வேறு, போக வேண்டிய நீதிமன்றமும் வேறு. முதல் வழிக்குப் பிணை உத்தரவின் சான்றிட்ட நகலும் வழக்கு ஆவணங்களும் போதும். ஆனால் உத்தரவிட்ட அதே நீதிமன்றத்தில் போய் உங்கள் உத்தரவு தவறு என்று கேட்க முடியாது. 2014இல் அப்துல் பாசித் வழக்கில் உச்சநீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் வழக்கில் அது சென்னை உயர்நீதிமன்றம் அல்லது அதன் மதுரைக் கிளை. இரண்டாவது வழிக்கு, பிணை கொடுத்த அமர்வு நீதிமன்றத்துக்கே போகலாம், ஏனெனில் நீங்கள் அந்த நீதிபதியின் முடிவைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறீர்கள்.

நான் பார்த்த மனுக்களில் நிறைய இந்த இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதியவை. நீதிபதி முதல் கேள்வியிலேயே, "நீங்கள் உத்தரவைத் தாக்குகிறீர்களா, நடத்தையைச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார். அதற்கு உடனே பதில் வராத மனு அங்கேயே பாதி தோற்றுவிடும்.

2025 செப்டம்பர் 6, மாலை

சட்டப்பிரிவு எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 439(2), 437(5). 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 483(3), 480(5). முன்னது உயர்நீதிமன்றத்துக்கும் அமர்வு நீதிமன்றத்துக்கும் உரியது. பின்னது பிணையில் விட முடியாத குற்றத்தில் பிணை கொடுத்த நீதிமன்றத்துக்கு உரியது. சொற்கள் ஏறக்குறைய மாறவில்லை என்பதால் பழைய தீர்ப்புகள் எல்லாம் இன்றும் பொருந்தும். இந்தப் பிரிவுகளில் ரத்து செய்வதற்கான காரணங்கள் எதுவும் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கைது செய்து காவலில் வைக்க உத்தரவிடலாம் என்பது மட்டுமே அங்கே இருக்கிறது. காரணங்கள் அனைத்தும் தீர்ப்புகளால் வளர்ந்தவை.

2025 செப்டம்பர் 8

யார் மனுத் தாக்கல் செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

காவல் ஆய்வாளர் உங்களிடம் சொன்னது தமிழ்நாட்டில் காவல் நிலையங்களில் அடிக்கடி கேட்கும் பதில். அது சட்டமல்ல. 483(3) பிரிவில் மனுதாரர் இன்னார்தான் என்ற வரையறை எதுவும் இல்லை. பூரன் எதிர் ராம்பிலாஸ் வழக்கே இறந்த பெண்ணின் தந்தை போராடிக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், மதுரை மாவட்டக் குற்றப்பிரிவு தொடர்பான ஆர். ரத்தினம் வழக்கில் இந்தக் கேள்வி முடிவாகிவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர்கள் பலர் கூட்டாக அளித்த ரத்து மனுவை, அவர்களுக்கு அதைக் கொண்டுவர உரிமை இல்லை என்று உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. உச்சநீதிமன்றம் அதை மாற்றியது: இந்த அதிகாரத்தை நீதிமன்றம் தானாகவே பயன்படுத்தலாம், அப்படியிருக்க, பொதுமக்களில் ஒருவர் விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தால் அதைப் பார்க்காமல் இருக்கத் தேவையில்லை. நம் மாநிலத்திலிருந்து சென்ற வழக்கில் கிடைத்த இந்தத் தீர்ப்பை நம் காவல் நிலையங்களே அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

2022 ஏப்ரல் 18 அன்று வந்த ஜக்ஜீத் சிங் எதிர் ஆசிஷ் மிஸ்ரா தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட வழக்கு அது. பிணை விசாரணையில் பாதிக்கப்பட்டோர் தரப்பை முறையாகக் கேட்கவில்லை என்பதையும் ஒரு குறையாகக் கொண்டு, உயர்நீதிமன்றம் கொடுத்த பிணையை உச்சநீதிமன்றம் நீக்கி, ஒரு வாரத்தில் சரணடையச் சொல்லி, பிணை மனுவை மறுபடி புதிதாக விசாரிக்க அனுப்பியது. பாதிக்கப்பட்டவர் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டியவர் என்பது அந்தத் தீர்ப்பின் மையம். இது நான் சொன்ன முதல் வழிக்கு உதாரணம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பம் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்ததாகவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்க்கப்பட்டதாகவும் இருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி பிணை விசாரணை குறித்துப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தர வேண்டும். அவர் பேச உரிமை உண்டு. அதைச் செய்யாமல் கொடுத்த பிணை நிற்காது என்பதற்கு 2021 அக்டோபரில் வந்த ஹரிராம் பாம்பி தீர்ப்பு இருக்கிறது. அங்கே ரத்து மனுவுக்குப் பதிலாக 14ஏ பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டிவரும் என்பதால், எந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு என்பதை முதலில் பாருங்கள்.

2025 செப்டம்பர் 11

கடைக்கு ஆள் அனுப்பியதைப் பற்றிக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: சாட்சி பயப்படுகிறார், புகார் கொடுக்க மறுக்கிறார், வேறு ஆதாரம் இல்லை.

என் அனுபவத்தில் ரத்து மனுக்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, இந்தக் கட்டத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன் கொலையுண்ட இளைஞர் ஒருவரின் தாய்க்காக நான் ஆஜரானேன். பிணையில் வந்தவர் அவருடைய வீட்டு வாசலில் நின்று பேசியது உண்மை. ஊரில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாய் அன்று யாரிடமும் போகவில்லை. மாதங்கள் கழித்து, சாட்சி விசாரணை தொடங்கும் நேரத்தில்தான் மனுவில் அது முதன்முதலாக எழுத்தில் வந்தது. தேதி இல்லை, புகார் இல்லை, காவல் நிலைய ரசீது இல்லை. மனு தள்ளுபடியானது. அந்த நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். எழுத்தில் இல்லாத ஒன்றை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றத்தை நாளை நான் எதிரித் தரப்பில் நிற்கும்போது விரும்புவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விரும்ப மாட்டேன்.

அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாட்சி பேச மறுத்தாலும், நீங்கள் கேட்டறிந்ததை, யார் சொல்லிக் கேட்டறிந்தீர்கள் என்பதோடு, நாள், நேரம், வந்தவரின் அடையாளம், சொன்ன சொற்கள் ஆகியவற்றுடன் இன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். சமூகப் பணிப் பதிவேட்டு ரசீது, அதாவது எல்லோரும் சிஎஸ்ஆர் என்று சொல்லும் ரசீது, வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். கடையில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்கு முன் நகல் எடுங்கள். அதையோ தொலைபேசிப் பதிவையோ நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4) பிரிவின்கீழ்ச் சான்றிதழும் இணைக்க வேண்டும். பொய்ச் சாட்சி சொல்லுமாறு ஒருவரை மிரட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆவது பிரிவின்கீழ் தனிக் குற்றம். அதன்கீழ் வழக்குப் பதிவானால் ரத்து மனுவின் வலிமையே மாறிவிடும்.

பயப்படுகிற சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்கவும் வழி உண்டு. 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்று, நாடு முழுவதும் பின்பற்றச் சொன்னது. அந்தத் திட்டத்தின்கீழ்க் கொடுக்கும் மனுவைப் பரிசீலிக்கும்போது காவல்துறையின் அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கை மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையிலான குழுவுக்கு வரும். அந்த அறிக்கை சாட்சிக்கு ஆதரவாக இருந்தால், ரத்து மனுவிலும் அதுவே உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஆவணம்.

2025 செப்டம்பர் 11, இரவு

மிரட்டலை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்கிறார். வேண்டாம். சஞ்சய் காந்தி வழக்கின் நிலையான பயன் அதுதான். அந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகள் சிலர் பிறழ் சாட்சிகளாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவர்களாக, மாறியிருந்தனர். சாட்சி பிறழ்ந்தது எதிரியால்தான் என்பதைக் கணிதம் போல் நிறுவத் தேவையில்லை, ஐயத்துக்கு அப்பாற்பட்டும் நிறுவத் தேவையில்லை, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்ற அளவில் காட்டினால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்ற ஒன்றை மட்டும் வைத்து எதிரிதான் கலைத்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. இறுதியில் பிணையை ரத்து செய்து ஒரு மாத காலம் மட்டும் காவலில் வைக்க உத்தரவிட்டார்கள், முக்கியச் சாட்சிகளின் விசாரணை அதற்குள் முடியும் என்ற எதிர்பார்ப்பில். பிணை ரத்து என்பது தண்டனை அல்ல, வழக்கு விசாரணையைக் காப்பாற்றும் ஏற்பாடு என்பதை அந்த ஒரு மாதம் காட்டும் அளவுக்கு வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

2025 செப்டம்பர் 15

கட்டாயப் பிணை பற்றி ஒரு குறுங்குறிப்பு. 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் கிடைத்த பிணை என்றால் கணக்கு வேறு. பின்னர் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்பதற்காக அதை ரத்து செய்ய முடியாது என்று 1992இல் அஸ்லம் பாபாலால் தேசாய் வழக்கில் முடிவானது. ஆனால் குற்றப்பத்திரிகையிலிருந்து வலுவான, தனிப்பட்ட காரணங்கள் தெரியவந்தால் வழக்கின் தன்மையைப் பார்த்து ரத்து செய்யலாம் என்று 2023 ஜனவரியில் கங்கி ரெட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. விசாரணை அதிகாரி வேண்டுமென்றே தாமதித்தால் எதிரி தப்பிவிட இடம் தரக் கூடாது என்ற கவலை அதன் பின்னால் இருக்கிறது. கேள்வி கேட்டவரின் வழக்கில் கைதுக்கும் பிணைக்கும் இடைவெளி 90 நாட்களைத் தாண்டியிருப்பதால், உத்தரவில் இது எந்த வகை என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். குற்றப்பத்திரிகை உரிய காலத்தில் தாக்கலாகியிருக்கிறது, பிணை வழக்கின் தகுதியின் பேரில் கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே இந்தக் குறிப்பு அவருக்குத் தேவையில்லை. படிக்கும் மற்றவர்களுக்காக இருக்கட்டும்.

2025 செப்டம்பர் 17

நிபந்தனை மீறல் பற்றி வந்த கருத்துகளில் ஒன்று என்னைத் தொந்தரவு செய்கிறது. காவல் நிலையத்தில் ஒரு நாள் கையெழுத்துப் போடத் தவறினாலும் உடனே உள்ளே தள்ள வேண்டும் என்கிறார் ஒருவர்.

நான் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் மட்டும் நிற்பவன் அல்ல. நிபந்தனைக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளி, காய்ச்சலில் அரசு மருத்துவமனையில் கிடந்தபோது சில நாட்கள் தவறின. காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போனது. அவருக்கு அறிவிப்பு இல்லாமலே பிணை ரத்தானது. மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மேல் நீதிமன்றம் போய் அதை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் அவருடைய குடும்பம் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். நிபந்தனை மீறல் ரத்துக்கான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேண்டுமென்று செய்யப்பட்டதா, வழக்கு விசாரணையைப் பாதித்ததா என்று பார்க்காமல், எதிரியின் பேச்சைக் கேட்காமல் இயந்திரம் போல் ரத்து செய்வது முறையல்ல. தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரியது.

சென்னை உயர்நீதிமன்றம் பிணை கொடுக்கும் உத்தரவுகளின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நிபந்தனையை மீறினால், அந்த நிபந்தனையைத் தானே விதித்ததாகக் கொண்டு குற்றவியல் நடுவரோ விசாரணை நீதிமன்றமோ நடவடிக்கை எடுக்கலாம் என்று, 2005ஆம் ஆண்டின் பி.கே. ஷாஜி எதிர் கேரள அரசு தீர்ப்பைச் சுட்டி எழுதியிருப்பார்கள். தலைமறைவானால் புதிய முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம் என்ற வரியும் இருக்கும். அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 269. ஆகவே உயர்நீதிமன்றம் கொடுத்த பிணை என்றாலும், நிபந்தனை மீறலுக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ ஓட வேண்டியதில்லை. உள்ளூர் நீதிமன்றத்திலேயே கேட்கலாம்.

2025 செப்டம்பர் 18

கன்னட நடிகர் தர்ஷன் மீதான கொலை வழக்கை எடுத்துக்காட்டி, குற்றத்தின் கொடுமைக்காகவே பிணை ரத்தானதே, நீங்கள் முதல் நாள் சொன்னது எப்படிச் சரியாகும் என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி.

அந்த வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் பிணை கொடுத்தது; 2025 ஆகஸ்ட் 14 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதை நீக்கியது. குற்றத்தின் தன்மை பேசப்பட்டது உண்மை. ஆனால் அது பேசப்பட்டது உயர்நீதிமன்றம் அதைப் போதுமான அளவு கருத்தில் கொள்ளவில்லை என்ற குறையின் பகுதியாக. விசாரணை நீதிமன்றம் பார்க்க வேண்டிய சாட்சியங்களைப் பிணைக் கட்டத்திலேயே உயர்நீதிமன்றம் அலசியது என்பதும் குறையாகச் சொல்லப்பட்டது. அதாவது உத்தரவின் குறை, முதல் வழி. குற்றம் கொடியது என்பதைக் கீழ் நீதிமன்றம் பார்த்து, காரணம் எழுதி, அதன் பிறகும் பிணை கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். 2020ஆம் ஆண்டு மியாகலா தர்மராஜம் வழக்கில் நடந்தது அதுதான்: அமர்வு நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்துக் கொடுத்த பிணையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, உச்சநீதிமன்றம் அந்த ரத்தை நீக்கிப் பிணையை மீட்டுக் கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், குற்றத்தின் கொடுமை தனியாக நிற்கும் காரணம் அல்ல, கீழ் உத்தரவு எதைப் பார்க்கத் தவறியது என்பதற்கான அளவுகோல் என்பது புரியும்.

2025 செப்டம்பர் 22

புதிய சூழ்நிலை என்ற காரணத்தைப் பற்றி முன்பு ஒரு வரிகூட எழுதவில்லை. உத்தரவு சரி, எதிரி யாரையும் நேரடியாக மிரட்டவில்லை, ஆனால் அவருடைய நிலை மாறிவிட்டது என்றால் என்ன செய்வது?

தமிழ்நாட்டு வாசகர்கள் எல்லோரும் அறிந்த வழக்கு செந்தில் பாலாஜியுடையது. 2024 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் அவருக்குப் பிணை கொடுத்தது. சில நாட்களுக்குள் அவர் மறுபடி அமைச்சரானார். அமைச்சர் ஒருவருக்கு எதிராகச் சாட்சிகள் அச்சமின்றிப் பேசுவார்களா என்ற கேள்வியோடு ரத்து கேட்டு மனு போனது. 2025 ஏப்ரலில் நீதிபதி ஓகா தலைமையிலான அமர்வு, பதவியா பிணையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. அவர் பதவி விலகினார், பிணை தொடர்ந்தது. அங்கே ஒரு சாட்சி மிரட்டப்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாட்சி பயப்படக் காரணமான நிலை உருவாகியிருப்பதே நீதிமன்றத்துக்குப் போதுமான கவலையாக இருந்தது.

2022இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில், பிணையில் வந்தவரை வரவேற்று ஊரெங்கும் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளையே உச்சநீதிமன்றம் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. அந்தச் சுவரொட்டியில் மிரட்டல் சொல் எதுவும் இல்லை. ஆனால் அதே ஊரில் வாழ வேண்டிய புகார்தாரப் பெண்ணுக்கு அது என்ன சொல்கிறது என்பதை நீதிபதிகள் படித்தார்கள். உங்கள் ஊரிலும் மேளதாளம், மாலை, சமூக ஊடகக் காணொளி என்று ஏதாவது இருந்தால் நகல் எடுத்து வையுங்கள்.

2025 செப்டம்பர் 23

காயம் ஏற்படுத்திய வழக்கில் பிணை கிடைத்த பிறகு காயம்பட்டவர் இறந்தால் பிணை தானாக ரத்தாகுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆகாது. கொலைப் பிரிவு சேர்ந்தவுடன் காவல்துறை தானாகக் கைது செய்யவும் முடியாது. பிணை கொடுத்த நீதிமன்றத்தில் உத்தரவு பெற வேண்டும். எதிரி சரணடைந்து புதிய பிரிவுக்குப் பிணை கேட்கலாம். 2019இல் பிரதீப் ராம் வழக்கில் இது விளக்கப்பட்டிருக்கிறது. பழைய பிணையை ரத்து செய்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

2025 செப்டம்பர் 29

கேள்வி கேட்டவர் பிணை உத்தரவின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, அதன் சாரத்தை எழுதியிருக்கிறார். உடன் எதிரி ஒருவருக்கு ஏற்கெனவே பிணை கிடைத்திருக்கிறது, இவரும் அதே நிலையில் இருக்கிறார் என்பதுதான் சொல்லப்பட்ட ஒரே காரணமாம். ஆனால் குற்றப்பத்திரிகையின்படி அந்த உடன் எதிரி வண்டி ஓட்டியவர். முதல் எதிரிதான் வெட்டியவர். முதல் எதிரி மேல் முன்பே ஒரு கொலை முயற்சி வழக்கு நிலுவையில் இருப்பதும் உத்தரவில் இல்லை.

இப்போது என் கருத்து முன்பைவிட உறுதியாகிறது. சாட்சி மிரட்டலில் இருந்து தொடங்கச் சொல்ல நினைத்திருந்தேன். இந்த உத்தரவைப் பற்றிக் கேட்ட பிறகு உயர்நீதிமன்றத்தையே முதலில் அணுகச் சொல்கிறேன். பங்கு வேறாக இருக்கும்போது சமநிலை என்ற காரணம் பொருந்தாது என்பதற்கும், குற்றப் பின்னணியைப் பார்க்காமல் விட்டதற்கும் நீரு யாதவ் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும். மிரட்டல் பற்றிய புகார் ரசீதையும் இணைக்கலாம், ஆனால் தனித் தலைப்பில், தனிக் காரணமாக. உத்தரவின் குறை முதலில் வரட்டும். மிரட்டல் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி கருதினாலும் முதல் காரணம் அதனோடு சேர்ந்து விழாதபடி மனு அமைய வேண்டும்.

மனுவில் அரசையும் எதிரியையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். எதிரிக்கு அறிவிப்பு போய்ச் சேராமல் விசாரணை நகராது, ஆகவே பிணைமுறியில் அவர் கொடுத்த முகவரியையே எழுதுங்கள். அரசு வழக்கறிஞரை நேரில் பார்த்து, குற்றப்பத்திரிகையின் பக்கங்களையும் முந்தைய வழக்கின் குற்ற எண்ணையும் கையில் கொடுங்கள். குற்றப் பின்னணி பற்றிய விவரத்தை நீதிமன்றம் அரசுத் தரப்பிடம்தான் கேட்கும். அவரிடம் அது இல்லையென்றால் வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போகும்.

2025 அக்டோபர் 4

பிணை ரத்தானால் வழக்கு முடியும்வரை அவர் உள்ளேயேதான் இருப்பாரா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ரத்தான பிறகும் அவர் மறுபடி பிணை கேட்கலாம். சூழ்நிலை மாறியிருப்பதைக் காட்டினால், குறிப்பாக முக்கியச் சாட்சிகளின் விசாரணை முடிந்துவிட்டால் அல்லது வழக்கு ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடந்தால், கிடைக்கவும் கூடும். ஆகவே ரத்து உத்தரவு வந்த அன்றே, விசாரணையை விரைந்து முடிக்கக் காலக்கெடு கேட்டு மனுக் கொடுப்பது பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள். நேரில் பார்த்த சாட்சியை முதல் சாட்சிகளில் ஒருவராக விசாரிக்க அரசு வழக்கறிஞர் ஒப்புக்கொள்கிறாரா என்பதையும் கேளுங்கள். அந்தக் கடைக்காரரின் வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும் பதிவாகிவிட்டால் அவரை மிரட்டுவதால் எதிரிக்குக் கிடைக்கக்கூடிய பயன் பெருமளவு குறைந்துவிடும்.